கால் டாலர் அருவி

அருவியைத் திறந்துவிடக் கால் டாலர் ஆகும் என்று டூனிஸ் சொன்னதும் கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிப்ரவரியில் மகள் ஃபீபியைப் புதைத்த பிறகு வந்த முதல் சிரிப்பு. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கப்பட்டு, கையிலிருந்த பால் குவளையைக் கீழே வைத்தாள்.

“இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?” என்றான் டூனிஸ். அந்த மலை விடுதியில் விறகு வெட்டுவது, குதிரை கட்டுவது, ஓட்டை உடைசல் பார்ப்பது எல்லாம் அவன்தான். அதற்கு முன்னால் முப்பது வருஷம் தோல் பதனிடும் ஆலையில் கிடந்தவன். மலையிலிருந்த ஹெம்லாக் மரங்களையெல்லாம் பட்டை உரித்துத் தீர்த்துவிட்டு ஆலை மூடிக்கொண்டது. பட்டைச் சாயம் மட்டும் அவன் முழங்கை வரைக்கும் மிச்சம். “ஆகஸ்ட் வந்தா இந்த அருவி சளி பிடிச்ச மூக்கு மாதிரி ஒழுகும். நியூயார்க்லேர்ந்து படகும் வண்டியுமா ஏறி வந்தவங்க பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குவாங்க. முதலாளி யோசிச்சாரு. மேல ஓடையை மறிச்சு மதகு போட்டாச்சு. காசு குடுத்தா திறப்பேன். பதினஞ்சு நிமிஷம் சும்மா கொட்டும் பாருங்க. அப்புறம் மூடிட்டா மறுபடி நிறைய ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“கடவுள் பண்ற வேலையை நீ பண்றே.”

“மோசே கோலால பாறையை அடிச்சுத் தண்ணி வரவழைச்சாரு, நான் சக்கரத்தைத் திருப்புறேன். அவ்வளவுதான் வித்தியாசம். கட்டணப் பலகை எழுதி இன்னும் பெயிண்டுகூடக் காயலை. நீங்க குடுத்தா நீங்கதான் முதல் போணி.”

கெசியா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தாள். “நாளைக்கு விடியக்காலையில என் வீட்டுக்காரர் அருவிக்கடியில போய் உட்காருவார். நேத்தும் போனார். அவர் கீழ இறங்கி அரை மணி நேரம் கழிச்சுத் திற. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே.”

“நான் மதகைத்தான் திறப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.”

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால், லெமுவேலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லெமுவேல் விட்லாக் மலையையும் ஆற்றையும் வரைகிறவர். கோடை முழுவதும் மலையில் அலைந்து சின்னச் சின்ன அட்டைகளில் தீட்டிக்கொண்டு வந்து, குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து அவற்றைச் சேர்த்துப் பெரிய படமாக்குவார். பெட்டியைத் திறக்கும் முன் தொப்பியைக் கழற்றிவிடுவார், வெயிலானாலும் சரி. மலை என்பது கடவுள் எழுதிய இரண்டாவது வேதம், அதில் அச்சுப்பிழையே கிடையாது என்பது அவர் வாதம். படத்தில் மட்டும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளும் தோல் ஆலைப் புகையும் வராது. “கடவுள் எழுதினதுல நீங்க எதுக்கு வரியை அடிக்கிறீங்க?” என்று கெசியா சீண்டுவாள். “அது கடவுள் எழுதினது இல்லடி, நடுவுல எவனோ கிறுக்கினது” என்பார்.

அவருடைய ஒவ்வொரு படத்திலும் எங்கேயாவது ஒரு மூலையில், நகத்தளவில், ஒரு மனிதன் நின்றுகொண்டிருப்பான். மலை எவ்வளவு பெரியது, நாம் எவ்வளவு சின்னவர்கள் என்று தெரிவதற்காக. அவனை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது ஃபீபி. “அப்பா, இங்க வேணாம், விழுந்துடுவான். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். குளிருமே, சிவப்புச் சட்டை போட்டு விடு.” ஒன்பது வயது வரைக்கும் அவள் சொன்ன இடத்தில்தான் எல்லாச் சிவப்புச் சட்டைக்காரர்களும் நின்றார்கள்.

தொண்டை அடைப்பான் நோய் அவளை நான்கு நாளில் கொண்டுபோனது. கடைசி நாளில் அவள் மூச்சு விட்ட சத்தத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. சபையில் போதகர் கர்த்தருடைய சித்தம் என்று ஆரம்பித்தபோது லெமுவேல் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு வண்ணப்பெட்டியைத் தொடவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், சோள ரொட்டியைப் பிட்டபடி, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்: “மலையில யாரும் இல்ல கெசி. இருபது வருஷமா நான்தான் யாரோ இருக்கிற மாதிரி வரைஞ்சிட்டிருந்தேன்.” ஜூலையில் அவர் கோட்டைத் துவைக்க எடுத்தபோது உள்பையில் அபினிச் சாறு இருந்தது. முழுப் புட்டி, மூடி திறக்காதது. அந்த வீட்டில் யாருக்கும் எந்த வைத்தியரும் அதை எழுதித் தரவில்லை. கெசியா அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். இதை எடுத்தால் அவர் இன்னொன்று வாங்குவார், அது எங்கே இருக்கிறதென்று இவளுக்குத் தெரியாமல் போகும்.

அதனால்தான் மலைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் விரலாவது துடிக்காதா, அட்டையில் ஒரு கோடாவது போட மாட்டாரா என்பதுதான் அவள் கணக்கு. இவ்வளவுதான், இதற்கு மேல் அவளுக்கு எந்த எண்ணமும் இல்லை.

மறுநாள் விடிந்து வெகு நேரம் கழித்து லெமுவேல் மரப்படிகளில் ஏறி வந்தார். தலையிலிருந்து நீர் சொட்டியது. தொப்பி எங்கேயோ போயிருந்தது. கெசியா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“நான் கேட்டேன் கெசி. கீழ நின்னு சத்தமாவே கேட்டேன். நீ இருந்தா, ஃபீபி உன்கிட்ட இருந்தா, ஒரு வார்த்தை சொல்லு. இல்லைன்னா நானும் கிளம்புறேன்னு. சொல்லி முடிச்சு வாயைக்கூட மூடலை. காய்ஞ்சு கிடந்த பாறை. வானத்துல ஒரு மேகம் இல்ல. மேலேர்ந்து அப்படியே கொட்டுது.” அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் முகம் சிரித்தது. “எனக்குப் பதில் வந்துடுச்சு. அவ அங்கதான் இருக்கா.”

கெசியா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கோட்டுக்குள் கைவிட்டுப் புட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “இதை எங்கயாவது ஊத்திடு. இனிமே வேண்டாம்.”

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘அது கால் டாலர் தண்ணீர்’ என்றா? கெசியா புட்டியைக் கைக்குள் இறுகப் பிடித்தபடி, “ஆமா” என்றாள். “கடவுள் கேட்டுட்டார்.”

கண்ணில் பதிந்தது கலைவதற்குள் வரைய வேண்டும், இன்னொரு தடவை அந்த அருவியைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று லெமுவேல் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார். கெசியாவும் அவசரப்படுத்தினாள். சாயங்காலம் பலகையை மாட்டப்போவதாக டூனிஸ் சொல்லியிருந்தான்.

பத்தடி அகலத்துக்குத் துணி வாங்கிச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தார். காலையில் ஏதாவது கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே தூரிகை கழுவுவார். நன்றாகச் சாப்பிட்டார். அக்டோபரில், பாறையின் நிறத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று தனியாக நான்கு நாள் மலைக்குப் போய்வந்தார். கெசியா அந்த நான்கு நாளும் தூங்கவில்லை. திரும்பி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. முணுமுணுப்பு மட்டும் குறைந்து வேலை கூடியது. பெரிய படம் என்றால் அப்படித்தான் என்று அவள் மூச்சு விட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறு இறங்குமா? ஃபீபியின் பாவாடை ஒன்று அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்த அன்று கெசியா தரையில் உட்கார்ந்து அழுதாள். லெமுவேல் வந்து பக்கத்தில் அமர்ந்தார். “எதுக்கு அழறே? அவ எங்க இருக்கான்னுதான் தெரிஞ்சுடுச்சே.” அதன் பிறகு அவள் நிலவறையில், ஆப்பிள் பீப்பாய்களுக்கு நடுவில் போய் அழுதாள். அவருக்குப் பதில் வந்தது. அதை வாங்கிக் கொடுத்தவளுக்கு வரவில்லை, வரவும் வராது. பொய் என்று தெரிந்தவளுக்கு யார் பொய் சொல்வார்கள்? உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அன்றைக்கு ஃபீபிக்காக எந்தத் தண்ணீரும் வரவில்லை என்று. சில இரவுகளில் அவர்மீது அவளுக்கு வந்தது பொறாமை. பச்சைப் பொறாமை.

ஏப்ரலில் நியூயார்க்கில் படத்தைத் திறந்தார்கள். அறையை இருட்டாக்கி, சிவப்புத் திரை போட்டு, படத்துக்கு மேலே மட்டும் வாயு விளக்குகள். முன்னால் பித்தளைக் கம்பி, சுற்றிலும் தொட்டிச் செடிகள், காட்டுக்குள்ளேயே நிற்பது போலிருக்க வேண்டுமாம். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பாறை பாறையாக, இலை இலையாக ஜனங்கள் பார்த்தார்கள். நுழைவுக் கட்டணம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கால் டாலர். ஒரு போதகர் லெமுவேலின் வேண்டுதலைப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதி அச்சடித்திருந்தார். அதைப் படித்துவிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்த்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். மேலிருந்து ஒளியும் நீரும் ஒன்றாக இறங்கி வர, அடியில் நகத்தளவு சிவப்புச் சட்டைக்காரன் இரண்டு கையையும் தூக்கி நின்றான்.

கெசியா அவனை மட்டும் பார்த்தாள். ஃபீபி இருந்திருந்தால் அவனை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அங்கே நின்றால் அவன் அடித்துக்கொண்டு போய்விடுவான்.

ஆகஸ்ட் வந்ததும் லெமுவேல், “நாம மலைக்குப் போகணும்” என்றார். “நீ ஒரு தடவை அங்க நிக்கணும். எனக்காகக் கேட்டேன். நீ உனக்காகக் கேளு.”

“எனக்கு எதுக்கு? உங்களுக்கு வந்தது போதாதா?”

“உன் முகம் போதாதுங்குது.”

அதற்கு மேல் மறுக்க அவளால் முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

விடுதியில் கூட்டம் தாழ்வாரம் வரை வழிந்தது. அடுக்களைப் பக்கம் டூனிஸ் அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டான்.

“உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல முதலாளி புது மாடி கட்டுறாரும்மா.”

“பலகை எங்கே?” அந்தக் கவலைதான் அவளுக்கு ஊரிலிருந்து வரும் வழியெல்லாம்.

“அடுப்புல. படம் பேர் வாங்கின வாரமே முதலாளி கழற்றச் சொல்லிட்டாரு. மதகைச் சுத்தித் தேவதாருக் கிளையா வெட்டி மறைச்சிருக்கேன். யாராச்சும் கேட்டா, தண்ணி அது இஷ்டத்துக்கு வரும், எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொல்லணுமாம். காசெல்லாம் அறை வாடகைல ஏறிடுச்சு. தனியா வேணுங்கிறவங்க மட்டும் என் கையில.” அவன் குரலைத் தாழ்த்தினான். “என்னம்மா, இந்தத் தடவையும் திறக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் கெசியா. முதலாளி காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளத் தெரிந்த மனுஷர். அவர்மேல் கோபப்படவும் அவளுக்கு யோக்கியதை இல்லை. முதல் போணி அவளுடையதுதானே.

மறுநாள் காலை இருவரும் இறங்கினார்கள். நூற்றுப் பன்னிரண்டு மரப்படிகள். அருவி விழ வேண்டிய இடத்தில் பாறை காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு ஓரமாகக் கயிறு தடிமனில் நீர் வழிந்தது. லெமுவேல் தொப்பியைக் கழற்றினார். “இங்கதான் நின்னேன். நில்லு. உன் மனசுல இருக்கிறதைக் கேளு.” சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

கெசியா கண்ணை மூடினாள். அவருக்காகக் கொஞ்ச நேரம் நிற்பது, பிறகு ‘எனக்குக் கொடுத்து வைக்கலை’ என்று சொல்லிவிடுவது, அதுதான் திட்டம். ஆனால் கண்ணை மூடியதும் அந்தக் கடைசி நாளின் மூச்சுச் சத்தம் வந்தது. அவளை அறியாமல் கேட்டாள். தண்ணீரைக் கேட்கவில்லை. அடையாளம் கேட்கவில்லை. ‘ஃபீபி’ என்று மட்டும் கேட்டாள். குழந்தையை விளையாட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதுபோல.

மேலே ஏதோ உறுமியது. கண்ணைத் திறந்தாள். வானத்தின் விளிம்பிலிருந்து வெள்ளையாகப் பெயர்ந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. பாறை அதிர்ந்தது. சாரல் முகத்தில் அடித்தது. நான் காசு கொடுக்கவில்லையே என்று நினைத்தாள். டூனிஸிடம் வேண்டாம் என்றுதானே சொன்னேன். அப்படியானால் இது. அப்படியானால் நிஜமாகவே.

ஒரு மூச்சு நேரம் அவள் நம்பினாள். மதகு எங்கே இருக்கிறது, சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவள்தான் நம்பினாள். ஃபீபி பக்கத்தில் எங்கேயோ இருக்கிறாள் என்று நம்பினாள். அந்த ஒரு மூச்சுக்காக அவள் உயிரையே கொடுத்திருப்பாள். அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

லெமுவேல் அருவியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பிரிக்கிறவர் முகத்தையே கவனிப்பார்களே, அப்படி. போன வருஷம் துண்டை எடுத்துக்கொண்டு ஓடியபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கெசியாவுக்கு அப்போது தெரிந்தது.

அவள் நனைந்த பாறையில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் கொட்டித் தீரும்வரை பார்த்திருந்தாள். பதினைந்து நிமிடம். பிறகு அது மெலிந்தது, நூலானது, நின்றது. டூனிஸ் நேரம் தவற மாட்டான்.

“எவ்வளவு குடுத்தீங்க?” என்றாள்.

லெமுவேல் பார்வையை அவளிடமிருந்து எடுத்தார். “என்ன கேக்கிறே?”

“டூனிஸுக்கு.”

அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே, “கால் டாலர்” என்றார்.

“விலை ஏறலை. போன வருஷமும் அதேதான்.”

அது அவருக்குள் இறங்க நேரம் எடுத்தது. இறங்கியதும் அவரும் பாறையில் உட்கார்ந்தார். கையிலிருந்த தொப்பி நழுவிக் குட்டையில் விழுந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

“நீயா?” என்றார்.

“நீங்க வரையணும்னுதான் குடுத்தேன். நீங்க கீழ நின்னு என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் புட்டியை என் கையில குடுத்துட்டீங்க.” அவள் சாரலைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அக்டோபர்ல. மேல ஏறிப் போய் உட்காரலாம்னு போனேன். மதகுச் சக்கரத்துல டூனிஸ் எண்ணெய் போட்டிருந்தான், கட்டணப் பலகையும் மாட்டியிருந்துச்சு. அன்னைக்கு யாரோ விருந்தாளி காசு குடுத்திருக்கான், எனக்குத்தான் அது பதிலாப் பட்டிருக்குன்னு நினைச்சேன்.”

“அப்ப படத்துல பாதிக்கு மேல தெரிஞ்சேதான் வரைஞ்சிருக்கீங்க. எதுக்கு?”

“நீ ‘கேட்டுட்டார்’னு சொன்னியே கெசி. நீயாவது நம்பிட்டு இருக்கேன்னு நினைச்சேன். அதையும் உன்கிட்டேர்ந்து பிடுங்கணுமா? நீ நிலவறையில அழறது எனக்குக் கேட்கும். சரி, இவளுக்கும் ஒரு தடவை வந்துட்டா...”

ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே வீட்டில், ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருக்கிறார்கள். பொத்திய இரண்டு கைக்குள்ளும் ஒன்றும் இல்லை. கெசியாவுக்கு அழக்கூட வரவில்லை. ஃபீபி செத்துவிட்டாள், அவ்வளவுதான் என்று அந்த இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கறுப்பு உடை போட்ட ஒரு பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கி வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் அந்தப் பன்னிரண்டு பக்கம், வியர்வையில் நைந்துபோயிருந்தது. லெமுவேலைப் பார்த்ததும் நின்றாள். அதன் அட்டையில் அவர் முகத்தை அச்சடித்திருந்தார்கள்.

“ஐயா, நீங்கதானே?” என்றாள். “ஓஹையோலேர்ந்து வர்றேன். ரயில்ல மூணு நாள். தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இதுல எழுதியிருக்கிறது...” அந்தப் பக்கங்களை அவர் முன் நீட்டினாள். “நிஜமாவே வந்துச்சா?”

லெமுவேல் கெசியாவைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வையா, மன்னிப்புக் கேட்கிற பார்வையா என்று சொல்ல முடியாது.

கெசியா அந்தப் பெண்ணின் கோட்டைப் பார்த்தாள். வலது பக்கம் உள்பை கொஞ்சம் கனத்துத் தொங்கியது. வெறும் பணப்பையாகக்கூட இருக்கலாம்.

“யாரு?” என்று கேட்டாள்.

“என் மகன். ஆறு வயசு.”

கெசியா எழுந்தாள். ஈரப் பாவாடையை உதறிக்கொண்டாள். “வந்துச்சும்மா” என்றாள். “நான் பக்கத்துலதான் இருந்தேன். இந்தப் பாறையில நில்லுங்க, இதுதான் இடம். மனசுல இருக்கிறதைக் கேளுங்க. கேட்ட உடனே வரலைன்னு போயிடாதீங்க. நேரம் ஆகும். ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். இவர் துணைக்கு இருப்பார்.”

அந்தப் பெண் தொப்பியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டு பாறையில் ஏறி நின்றாள். லெமுவேல் குனிந்து குட்டையிலிருந்து தன் தொப்பியை எடுத்தார். தலையில் வைத்துக்கொள்ளவில்லை, கையிலேயே பிடித்தபடி நின்றார்.

கெசியா படியேறத் தொடங்கினாள். ஏறும்போதே கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.